ஒன்றரை மணியும் இரண்டு நாளும்: பினாங்கு – சிங்கப்பூர் இடையிலான தொலைவு

சில மாதங்களுக்கு முன் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களின் வரிசையில் காழகத்திலிருந்து வந்த செல்வமும் இடம்பெறுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். ஒரு காலத்தில் கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்து, 1786-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன தீவுதான் பினாங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இராயபுரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "எங்க ஆயாவோட அப்பா பினாங்குலதான் சார் இருந்தாரு. அப்புறம் அங்கிருந்து சிங்கப்பூர் போயிட்டாரு" என்றார்.

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று யாரோ கேட்டார்கள். கைப்பேசியில் தேடிய மற்றொரு மாணவர் உடனே விடை சொன்னார்: அறுநூறு கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். வகுப்பு அத்துடன் அடுத்த அடிக்கு நகர்ந்தது.

மறுநாள் இராயபுரத்து மாணவர் தம் ஆயாவிடம் கேட்டுவந்த விடையைச் சொன்னார். "சென்னையில கப்பல் ஏறினா ஆறாம் நாளு பினாங்கு, எட்டாம் நாளு சிங்கப்பூரு. நடுவுல ரெண்டு நாளு." எண்பத்தைந்து வயதைக் கடந்த அந்த அம்மையார் கப்பலில் கால் வைத்தவரல்லர். அவருடைய தாயார் சொல்லிச்சொல்லி மனத்தில் பதிந்த கணக்கு அது.

ஒன்றரை மணி, இரண்டு நாள். இரண்டு விடைகளில் எது சரி என்று வகுப்பில் சிரிப்பு எழுந்தது. இரண்டுமே சரி என்றுதான் நான் சொன்னேன். ஆனால் அந்த இரு விடைகளுக்கும் நடுவே கிடக்கும் வரலாற்றைச் சொல்ல அன்று நேரமில்லை. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

தொலைவைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. ஒரு நாழிகை நேரம் நடந்தால் கடக்கும் தூரத்தை 'நாழிகை வழி' என்றனர் நம் முன்னோர். குரல் எட்டும் எல்லை 'கூப்பிடு தூரம்' ஆயிற்று. காதம் என்ற அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. இவ்வளவைகள் எல்லாம் மனித உடலைச் சார்ந்தவை. நடக்கும் காலையும் கூவும் குரலையும் கொண்டு பிறந்தவை. இன்றும் திருவொற்றியூரில் ஒருவரிடம் விழுப்புரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மணிக்கணக்கில்தான் பதில் வரும். எந்த வண்டியில் என்பது சொல்லாமலே அந்தப் பதிலில் அடங்கியிருக்கும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கடல்வழியில் மலாக்கா நீரிணையைத் தொடர்ந்து தெற்கே இறங்கிச் சென்றால் சுமார் 700 கிலோமீட்டர். இரும்புப்பாதை 1909-இல் பினாங்கின் எதிர்க்கரையான ப்ரையிலிருந்து ஜொகூர் பாரு வரை நிறைவுற்றது. 1923-இல் ஜொகூர் நீரிணையின் குறுக்கே கட்டிய பாலக்கரை இரயிலைச் சிங்கப்பூர்த் தீவுக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆக, விமானம் வருவதற்கு முன்பே இரு தீவுகளுக்கும் கடல் என்றும் இரயில் என்றும் இரண்டு வழிகள் இருந்தன.

மூன்றாவது வழி 1930-களில் திறந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் நிலையம் 1935-இல் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் அதுவரை விமானப்படையின் செலேத்தர் தளமே பயணிகள் விமானங்களுக்கும் இடம் கொடுத்துவந்தது. காலாங் ஆற்றுமுகத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைத்த காலாங் விமான நிலையத்தை ஆளுநர் ஷென்டன் தாமஸ் 1937 ஜூன் 12 அன்று திறந்துவைத்தார். அதே மாதம் 28-ஆம் நாள் வேர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் என்ற நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு விமானம் விடத் தொடங்கியது. கார் வணிகத்தில் பெயர்பெற்ற வேர்ன் சகோதரர்களின் நிறுவனம் அது.

அவர்கள் பறக்கவிட்டது 'டிராகன் ரேப்பிட்' என்ற இரட்டை இறக்கை விமானம். எட்டுப் பேருக்கு மேல் அதில் அமர முடியாது. மணிக்கு இருநூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகம். கணக்கிட்டுப் பார்த்தால் இரு தீவுகளுக்கும் இடையே வானில் மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கோலாலம்பூரில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் ஒரு முற்பகல். போருக்குப் பின் 1947 மே 1 அன்று மலேயன் ஏர்வேஸ் காலாங்கிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று தன் சேவையைத் தொடங்கியது. 'கான்சல்' என்ற அந்தச் சிறு விமானத்தில் ஐந்தாறு பேர் போகலாம். அந்நிறுவனமே பல பெயர்மாற்றங்களுக்குப் பின் 1972-இல் இரண்டாகப் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும் மலேசிய ஏர்லைன் சிஸ்டம் என்றும் ஆயிற்று. சிங்கப்பூரின் நிலையம் 1955-இல் பாயா லேபாருக்கும் 1981-இல் சாங்கிக்கும் இடம்பெயர்ந்தது. ஜெட் விமானங்கள் வந்தபின் பயணம் ஒன்றரை மணிக்கும் குறைவாகிவிட்டது. அதிலும் வானில் இருப்பது ஒரு மணியளவே. மற்றது ஓடுதளத்தில் ஊர்வது.

வழக்கமான போக்குவரத்து வரலாறு இங்கே முடிந்துவிடும். இரண்டு நாள் ஒரு நாளாகி, ஒரு நாள் மூன்று மணியாகி, மூன்று மணி ஒன்றரை மணியாகியது என்று ஒரு நேர்கோடு வரைந்து நாம் திருப்தியடைந்துவிடுவோம். ஆனால் 1937 ஜூன் 28-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்று அந்த இரட்டை இறக்கை விமானத்தில் எட்டுப் பேருக்குப் பினாங்கு மூன்று மணித் தொலைவில் இருந்தது. அதே ஆண்டில், கீழே கடலில், ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அதே தொலைவு ஒன்றரை நாளோ இரண்டு நாளோ ஆக இருந்தது. காலம் எல்லோருக்கும் ஒரே நாளில் சுருங்கவில்லை.

அந்தக் கடற்பயணத்தின் பெயர் 'ரஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர். மணிக்குச் சுமார் பதின்மூன்று கடல் மைல் வேகம் கொண்ட அக்கப்பல் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சேர முப்பது மணி நேரம் ஓட வேண்டும். நடுவில் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஆளும் சரக்கும் இறக்க நிற்கும் நேரத்தைக் கூட்டினால் ஆயாவின் 'ரெண்டு நாளு' சரியாக வந்துவிடுகிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. அவர்களுடைய பயணம் கப்பலில் தொடங்கவில்லை. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் தொடங்கியது. அங்கே காத்திருப்பு, மருத்துவச் சோதனை, பதிவு. அக்கரை சேர்ந்ததும் பயணம் முடியவும் இல்லை. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்கள் இருந்தன. அம்மை, காலரா அச்சம் நீங்கும்வரை தொழிலாளர்கள் அங்கே நிறுத்திவைக்கப்பட்டனர். கண்ணுக்கு எதிரே பினாங்கு தெரியும், போக முடியாது. ஜெரெஜாக்கிலிருந்து பினாங்குக் கரை கூப்பிடு தூரத்தைவிடச் சற்றே கூடுதல். ஆனால் அதைக் கடக்க எத்தனை நாள் என்பதைக் கடலோ கப்பலோ தீர்மானிக்கவில்லை. அதிகாரியின் கையொப்பம் தீர்மானித்தது. விமானத்தில் வந்த துரைக்கும் டெக்கில் வந்த தொழிலாளிக்கும் ஒரே தீவு வெவ்வேறு தொலைவில் இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

இக்கப்பல்கள் புறப்பட்ட சென்னைத் துறைமுகத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னையில் கப்பல் கரையணைய இடமில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கும். கடலில் பல நாள் வந்தவர்கள் கடைசி அரைக்கல் தொலைவில் உயிருக்கு அஞ்சினார்கள். 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881-இன் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. கப்பல்கள் அமைதியான நீரில் நிற்க முடிந்தது.

சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. கற்களைக் கொட்டிக் கொட்டித்தான் அங்கே எஞ்சிய கரையைக் காக்க வேண்டியிருக்கிறது. பினாங்கையும் சிங்கப்பூரையும் சென்னைக்கு அருகில் கொண்டுவந்த அதே சுவர், பக்கத்திலிருந்த மீனவக் குப்பங்களின் வாசலுக்குக் கடலைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் தொலைவு சுருங்கும்போது அதன் விலையை வேறோரிடத்தில் யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயண நேரத்தைச் சொல்ல ஒரு கடிகாரமும் வேண்டும். கடிகாரத்துக்கும் வரலாறு உண்டு. 1856-இல் இராயபுரம் இரயில் நிலையம் திறந்தபோது இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று ஒன்று இல்லை. சென்னை வானாய்வகத்தின் நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முந்தியது. பின்னர் நாட்டின் இரயில்கள் பலவும் அந்தச் சென்னை நேரத்தையே பின்பற்றின. இந்திய நேரம் வந்தது 1906-இல். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூரியன் உச்சிக்கு வருவதில் பதினான்கு நிமிட வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அழித்து, 1905-இல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முந்திய நேரம் அங்கே பொதுவாக்கப்பட்டது. 1933-இல் அதனுடன் இருபது நிமிடமும் 1941-இல் மேலும் பத்து நிமிடமும் கூட்டினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர் ஒரே நாளில் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளித் தோக்கியோ நேரமாக்கினர். ஆட்சி மாறினால் நேரமும் மாறும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் தம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலேயே கண்டார்கள்.

போர் இத்தொலைவுகளைக் குலைத்தது இது முதல்முறையன்று. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானிய எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. அடுத்த மாதம் 28-ஆம் நாள் அதே எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ருஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. ஆனால் எம்டன் வந்தது ஓர் இரவு. அது போனபின் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1941 அப்படியன்று. டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலேயாவின் வடகிழக்கே கோத்தா பாருவில் இறங்கினர். சில நாளில் பினாங்கு குண்டுவீச்சுக்கு இரையாகி வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. சைக்கிளிலும் நடையிலும் முன்னேறிய படை தீபகற்பம் முழுவதையும் கடந்து சிங்கப்பூரைப் பிடிக்க எடுத்த காலம் எழுபது நாள்.

அதன்பின் மூன்றரை ஆண்டுகள் சென்னைக்கும் அத்தீவுகளுக்கும் இடையே பயணிகள் கப்பல் இல்லை. பணம் வருவது நின்றது. கடிதம் வருவது நின்றது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' விரிக்கும் உலகம் இதுதான். வழக்கமான வழிகள் அறுந்துபோன ஒரு காலத்தில் மெடானும் பினாங்கும் தோணிப் பயணத் தொலைவில் வந்து நிற்கின்றன. ரஜுலாவுடன் ஒரே ஆண்டில் கட்டப்பட்ட சகோதரக் கப்பலான ரோனா 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் அமெரிக்கப் படைவீரர். கப்பலில் வேலைசெய்த இந்தியர் பலரும் அவர்களுள் அடங்குவர்.

ரஜுலா பிழைத்தது. போர் முடிந்தபின் மீண்டும் அதே வழியில் ஓடியது. ஆனால் அது இணைத்த உலகம் மாறிக்கொண்டே வந்தது. தொழிலாளர்களை உதவிப்பணத்தில் அனுப்புவதை இந்திய அரசு 1938-இலேயே தடைசெய்திருந்தது. 1953 முதல் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானது. அன்றுமுதல் பினாங்கும் சிங்கப்பூரும் இரு நாடுகளின் ஊர்கள். கிலோமீட்டர் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் அண்ணன் பினாங்கிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருந்த குடும்பங்களுக்குத் தொலைவு கூடிவிட்டது.

1973-இல் ரஜுலா ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' ஓடியது. முன்பு 'பாஸ்தர்' என்ற பெயரில் இருந்த பிரெஞ்சுக் கப்பல் அது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் அதில் தீப்பற்றியது. நாற்பது பேரளவில் இறந்தனர். அத்துடன் சென்னை – சிங்கப்பூர் பயணிகள் கப்பல் என்ற நீண்ட மரபே முடிந்தது. இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கேகால் மணி நேரம். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னை – பினாங்கு நேரடி விமானத்தையும் தொடங்கியது. ரஜுலா இணைத்த மூன்று ஊர்களையும் இப்போது வானத்தில் ஒரு முக்கோணமாக வரைந்துவிடலாம்.

கப்பல் பயணத்தை நான் போற்றிப் பாடவில்லை. டெக்கின் வெயிலும் வாந்தியும் கூட்டமும் யாருக்கும் ஏக்கத்துக்குரியவை அல்ல. விமானம் மலிந்ததால்தான் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று மாலையில் புறப்பட்டு இரவில் சிங்கப்பூர் சேர்கிறார்கள். ஆனால் வேகத்தின் வரலாற்றை எழுதும்போது அதை இயந்திரங்களின் வரலாறாக மட்டும் எழுதிவிடுகிறோம் என்பதே என் குறை. எந்த ஆண்டில் எந்த விமானம் எத்தனை மணியில் போனது என்பது எளிதில் கிடைக்கிறது. அதே ஆண்டில் யாருக்கு அந்த இருக்கை கிடைத்தது, யார் கீழே இரண்டு நாள் போனார், யார் ஜெரெஜாக்கில் காத்திருந்தார் என்பதையும் அருகருகே வைத்தால்தான் அது மனிதர்களின் வரலாறாகும். வடசென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. துறைமுகத்தின் மதிலை ஒட்டி வாழ்ந்தும், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே நாள்தோறும் சாலையைக் கடந்தும், அந்த மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு காலத்தில் தம் பாட்டன்மார் கப்பலேறினர் என்பதை என் மாணவர்களில் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

ஆயாவின் தந்தையாரைப் பற்றிப் பின்னர் அந்த மாணவரிடம் கேட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1930-களின் நடுவில் பினாங்குக்குப் போனார். ஒருமுறை ஊர் வந்து திரும்பினார். பிறகு சிங்கப்பூருக்கு மாறினார். 1941-இல் ஒரு கடிதம் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. அப்போது ஆயா கைக்குழந்தை. அவருடைய தாயார் நாளெண்ணிக்கொண்டே இருந்ததில்தான் ஆறாம் நாள், எட்டாம் நாள் என்ற கணக்கு வீட்டில் நிலைத்தது.

வகுப்பில் நடந்ததை அந்த மாணவர் ஆயாவிடம் சொல்லியிருக்கிறார். இப்போது பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஒன்றரை மணி நேரம்தான், அங்கிருந்து சென்னைக்கும் நாலு மணி நேரம்தான் என்று விளக்கியிருக்கிறார். ஆயா சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவ்ளோ கிட்டன்னா எங்கப்பா ஏன்டா திரும்பி வரல?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வியை மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். நான் அவருக்கு 1942 பிப்ரவரியைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானியர் இழுத்துச்சென்ற சயாம் இரயில்பாதையைப் பற்றிச் சொன்னேன். கப்பல்கள் நின்றுபோன மூன்றரை ஆண்டுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மாலையில் ஆயாவிடம் படித்துக்காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.